டாப் மாடல் ஏறிய மேடு

ஒரு ஷோரூமில் இரண்டு ஜீப்புகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று டாப் மாடல். கூரையில் கண்ணாடி, குளிரும் சீட்டு, பாறையில் ஏற ஒரு பட்டன், சேற்றில் இறங்க ஒரு பட்டன். மற்றது சின்ன மாடல். அதற்கு ஜன்னலைக்கூடக் கையால்தான் சுற்றி இறக்க வேண்டும்.

"உன்னை யாருடா வாங்குவாங்க?" என்று டாப் மாடல் கேட்டது.

மறுநாளே டாப் மாடலுக்கு மாலை போட்டு ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஓட்டிப் போனார். சின்னது ஒரு மாதம் தூசியில் நின்றுவிட்டு, மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டும் சர்வீசுக்கு வந்தன. சின்னதின் உடம்பெல்லாம் சேறு, பின்சீட்டில் ஆட்டுப் புழுக்கை. அது வெட்கப்பட்டு ஓரமாக ஒதுங்கியது. டாப் மாடலோ பளபளத்தது. சீட்டின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அண்ணே, நீங்க எந்தெந்த மேடெல்லாம் ஏறினீங்க?" என்று சின்னது ஆசையாகக் கேட்டது.

டாப் மாடல் தன் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டது.

"பூஜை அன்னிக்குச் சக்கரத்துக்கு அடியில வச்ச எலுமிச்சம்பழத்து மேல ஏறினேன்டா தம்பி," என்றது. "ஏன் அவ்வளவு தள்ளி நிக்கிறே? கிட்ட வா. அந்தச் சேறு என் மேலயும் கொஞ்சம் ஒட்டட்டும்."