சத்தம் பத்தவில்லை

ரேடியோ ஸ்கேனரின் ஒலிக் குமிழைக் கடைசி வரை திருகியாயிற்று. கணினித் திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் படுத்த படுக்கையாகவே கிடந்தது.

நோயலீனின் போன் மறுபடியும் அடித்தது. மருமகள் கிர்ராதான்.

“நோலி, ஒண்ணுமே கேக்கல. கொசு முனகுற மாதிரி இருக்கு. ஏதாவது செய்யுங்க!”

“செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு. நீ எதுக்கும் கெளம்பிரேன்.”

“டேரில் வாயால கேக்காம நகர மாட்டேன். போன வருஷம் உங்க பேச்சக் கேட்டு, ரெண்டு புள்ளைங்களோட மைதானத்துல நாள் முழுக்க வெயில்ல காஞ்சது போதும்.”

வைத்துவிட்டாள்.

நோயலீனுக்குச் சுருக்கென்றது. போன கோடையில் பயந்து ஊரைக் கூட்டியது அவள்தான்; காட்டுத் தீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காக இந்த வருடத் தீயும் சும்மா போய்விடுமா?

டேரில் அவளுடைய ஒரே மகன். தொண்டர் படையின் தீயணைப்பு வண்டியில் காலையிலேயே மலை முகட்டுக்குப் போயிருந்தான். அங்கே செல்போன் எடுக்காது. வண்டியிலிருந்து அவர்கள் ரேடியோவில் பேசுவதை டவுனில் இருக்கும் நோயலீனின் ஸ்கேனர் பிடிக்கும். அதை அவள் கணினி வழியாக இணையத்தில் விடுவாள். கோடை வந்துவிட்டால் வாலபி ஓடைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பாட்டை நிறுத்திவிட்டு இதைத்தான் கேட்கும்.

தீ கீழே இறங்கினால் ரேடியோவில் சொல்கிறேன், உடனே கிளம்பு என்று கிர்ராவிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் போனான். கிர்ராவும் காரில் சாமானை ஏற்றிவிட்டு, பள்ளத்தாக்கு வீட்டில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நட்ட நடுப் பகலில் நோயலீன் உட்கார்ந்திருந்த ஷெட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவ்வளவு புகை.

கணினியில் ஒலி கூட்டும் இடங்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் கூட்டினாள். இரைச்சல்தான் கூடியது, பேச்சு கூடவில்லை. கணினியை அணைத்துப் போட்டாள். பக்கத்தில் இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தாள்.

‘உன் ஸ்கேனர் தூங்குது, எழுப்பி விடு’ என்று கேட்பவர்களில் ஒருவன் எழுதியிருந்தான். அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது.

கோளாறு ஸ்கேனரிலா, அதைக் கணினியோடு இணைக்கும் ஒயரிலா? ஒயர் செருகியிருக்கும் வரை ஸ்கேனரின் சொந்த ஒலிபெருக்கி ஊமை. அவளும் மற்றவர்களைப் போலக் கணினியில்தான் கேட்டாக வேண்டும். பள்ளத்தாக்குக்கு அந்த முனகலும் நின்றுபோகுமே என்றுதான் இவ்வளவு நேரம் அதை உருவாமல் இருந்தாள்.

வேறு வழியில்லை. உருவினாள்.

ஷெட் அதிர ஸ்கேனர் பேசியது. டேரில்தான். குரல் எதையோ போர்த்திக்கொண்டு வருவது போல அமுங்கி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“...அம்மா, நீ கேட்டுக்கிட்டிருப்பேன்னு தெரியும். நாங்க நாலு பேரும் கம்பளிக்கு அடியில இருக்கோம். கிர்ரா காதுல இது விழ வேண்டாம். அவளக் கெளப்பி விட்ரு.”

ரேடியோவில் குடும்பக் கதை பேசினால் படையில் யாரையும் விடாமல் திட்டுபவன் அவன்.

வண்டிக்குள் கம்பளியை எப்போது எடுப்பார்கள் என்று படைக்காரனைப் பெற்றவளுக்குத் தெரியாதா? தப்பிக்கப் பாதை இல்லாமல், தீ வண்டியின் மேலேயே ஏறும்போது.

“சரிடா, சரிடா தங்கம்” என்றாள் ஸ்கேனரைப் பார்த்து. ஸ்கேனரில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது.

புது ஒயர் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

போன் அடித்தது.

“நோலி, சுத்தமா நின்னுபோச்சு!”

“ஒயர் போயிருச்சு கண்ணு. ஆனா எனக்கு இங்க நேராவே கேட்டுச்சு. கெளம்பச் சொல்லிட்டான்.”

“அவனேவா? சத்தியமா?”

“சத்தியமா அவனேதான்.”

“நல்லாத்தான இருக்கான்?”

“அவனுக்கென்ன, எப்பவும் போலக் கத்துறான். பின்னாலயே வந்துருவானாம். நீ வண்டிய எடு.”

கார் கிளம்பும் சத்தம் போனில் கேட்கிற வரைக்கும் நோயலீன் அழவில்லை.