ஐம்பத்திரண்டு கிலோ

"தீனா, கை கிழிஞ்சி ரத்தம் வருது. எறங்குப்பா!" என்று கத்தினார் கேளம்பாக்கம் ஜிம் மாஸ்டர் தனகோடி.

தீனதயாளன் இறங்கவில்லை. இடுப்பில் ஐம்பத்திரண்டு கிலோ மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கம்பியில் தொங்கினான். இரண்டு வருஷமாக இதே வெறி.

"மூட்டையில பத்து கிலோவாவது கொறைச்சிக்கோயேன்!"

"ஒரு கிலோகூட கொறையக் கூடாது மாஸ்டர்."

பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினான். ஒருவழியாக மோவாய் கம்பியைத் தாண்டியது. ஜிம்மே கை தட்டியது.

இறங்கியவன் மூட்டையை அணைத்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"சாதிச்சிட்டு இன்னாத்துக்குப்பா அழுவுற?"

"இது என் தம்பி வெயிட்டு மாஸ்டர். ரெண்டு பேரும் கெணத்துல வுழுந்தப்ப, கயித்தப் புடிச்சி ஏறுன என் இடுப்ப அவன் புடிச்சிகினான். அவனையும் சேத்து இழுக்க முடியாதுன்னு நான்தான் ஒதறிவுட்டேன்."