புல்லுக்கறை

துவைக்க எடுத்த துணிகளைக் கணவன் முன்னால் போட்டாள் மனைவி.

“ஊர் ஊராப் போயி, வர்றவங்களை மார்போட சேத்துக் கட்டிக்கிட்டு விமானத்துலேருந்து பாராசூட்ல குதிக்கிறது நீங்க. உங்க பேன்ட்ல ஒரு தூசி இல்ல. நிழல்ல உக்காந்து டிக்கெட் குடுக்கிறவ என் தங்கச்சி. அவ பேன்ட்ல மட்டும் பின்பக்கம் பூரா புல்லுக்கறை எப்படி வந்துச்சு?”

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

“எத்தனை நாளா நடக்குது?” என்றாள்.

“மூணு வருஷமா.”

அவள் குரல் உடைந்தது. “கூடப் பொறந்த தங்கச்சின்னு நம்பித்தானே அவளை உங்களோட அனுப்பினேன்?”

“குதிச்சுப் புல்லுல சறுக்கி இறங்குறதே அவதான். டிக்கெட் குடுக்கிறதுதான் நான். எனக்கு மொட்டை மாடி ஏறினாலே தலை சுத்தும்.”

“இதைப் போயி ஏன் மறைச்சீங்க?”

அவன் தலை குனிந்தான். “பயமே தெரியாத ஆளுன்னுதானே நீ என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட?”