கேமராவைத் திருப்புங்கக்கா

வீட்டைக் காட்டச் சொன்னால், அக்கா தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கேமராவைத் திருப்புங்கக்கா!" என்று தன் அலுவலகத்திலிருந்து கணினித் திரையைப் பார்த்து மறுபடியும் கத்தினார் வீட்டுத் தரகரம்மா.

"கேக்குது, கேக்குது" என்றாள் அக்கா, நடந்தபடியே. பிறகு திரையில் இருந்த மதிப்பீட்டாளரிடம், "இது கூடம் சார். நல்லா காத்து வரும்."

கூடமாவது, காற்றாவது! திரை முழுக்க அக்காவின் மூக்கும் நரைத்த வகிடும்தான்.

நேற்று நேரில் போய், கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார் தரகர். விளக்கையெல்லாம் போட்டுவிடுங்கள், போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், மெதுவாக நடங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனுஷி, இன்று மானத்தை வாங்குகிறாள்.

மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போகாமல், போன் வழியாகவே பார்த்து மதிப்புப் போடுவது தரகருக்குப் புதிதல்ல. தூரத்தில் இருக்கும் பங்காளிகளையும் கூடவே உட்காரவைத்து, விலையை நம்பவைக்க இதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியாது.

திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் தரகர். ஒன்றில் மதிப்பீட்டாளர். ஒன்றில் அக்காவின் மூக்கு. நான்காவது வெறும் கறுப்பு. அதற்குப் பின்னால், கடல் தாண்டிப் போய்விட்ட தம்பி.

வீட்டில் பாதி அவனுடையது. அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. அவனோ போடவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"அக்காவுக்கு அந்த வீடுதான் மேடம் உசிரு. அதை வித்துட்டு எங்க போய் நிப்பா?" தரகர் எத்தனை தடவை பேசினாலும் இதே பல்லவி.

அக்காவுக்கோ விற்றே ஆகவேண்டும். படுக்கையும் குளியலறையும் மாடியில். முட்டி இரண்டும் போய்விட்டன. மாடிப்படி இல்லாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். தம்பியிடம் சொல்லாமல் இல்லை. சொல்லும்போதெல்லாம், வயசானா முட்டி வலி யாருக்குத்தான் இல்ல, தைலம் தடவிக்கோ என்று முடித்துவிடுவான். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. காதுதான் கொஞ்சம் மந்தம்.

இன்று நல்ல தொகையாக வந்தால் பயல் மசிந்துவிடுவான் என்பது தரகரின் கணக்கு. முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீடு காத்திருக்கிறதாம். சுவரில் விரிசல் உண்டா இல்லையா என்றே தெரியாமல் எதை மதிப்பிடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"இதோ சார், மாடிக்குப் போறேன்" என்றாள் அக்கா.

போன் ஆடியது. முகம் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

முதல் படியில் உதட்டைக் கடித்தாள். அடுத்ததில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றி உடம்பை மேலே இழுத்தபோது கழுத்து நரம்பு புடைத்தது.

திருப்புங்கக்கா என்று சொல்ல வாயெடுத்த தரகர், திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

பாதியில் நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நெற்றி வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒன்றில் போன், ஒன்றில் கைப்பிடி.

"அம்மா..." என்று ஒரு முனகல். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படி. ஒரு கால் வைக்கும் சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு காலையும் அதே படிக்கு இழுக்கும் சத்தம்.

மதிப்பீட்டாளர் கடிகாரத்தை மறந்துபோனார்.

தரகர் விலை, விலை என்றே பேசிக்கொண்டிருந்தாரே தவிர, தினமும் இதில் எப்படிக்கா ஏறுறீங்க என்று நேற்று அந்த வீட்டில் நின்றபோதுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தாள் அக்கா. சுவரில் சாய்ந்தாள். வேர்வையா அழுகையா என்று தெரியாதபடி நனைந்த முகம் திரையை நிறைத்தது. அப்போதும் போனைத் தாழ்த்தவில்லை.

கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. தம்பியின் முகம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போதும்க்கா. மொதல்ல உக்காரு. வித்துடலாம்."

"நெஜமாத்தானேடா? ரெண்டு பேர் சாட்சியா கேட்டுட்டு இருக்காங்க."

"நெஜமாத்தான்க்கா. இன்னைக்கே பேப்பரை அனுப்பச் சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்."

அக்கா உட்காரவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கட்டைவிரலால் திரையின் ஓரத்தில் ஒரே ஒரு தட்டு. தேடவில்லை, தடுமாறவில்லை.

படம் சட்டென்று திரும்பியது. வெளிச்சமான படுக்கையறை பளிச்சென்று தெரிந்தது.

"மேல இருந்தே ஆரம்பிச்சுடறேன் சார்" என்றாள். "இன்னொரு தடவை என்னால ஏற முடியாது."