பழைய விலாசம்

எங்கள் அலுவலகத்தில் யார் எந்த இணையப் பக்கத்தைக் கேட்டாலும், நடுவில் ப்ராக்ஸி என்ற ஒரு இடைக் கணினி இருந்து வாங்கித் தருகிறது. அது இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு இணையப் பெயருக்குரிய விலாசத்தை ஒருமுறை விசாரித்துவிட்டால், அடுத்த முறை வெளியே கேட்காமல் ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடும்; வாங்கிய பக்கத்தையும் சில சமயம் வைத்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அண்ணன் இறந்த பிறகு அவர் வீட்டை இடித்துவிட்டார்கள். கூடத்தில் அவர் மாட்டியிருந்த கேமராவை நான்தான் கழற்றினேன், அதன் இணையப் பெயரையும் ரத்து செய்தேன். வெளியே எங்கு தேடினாலும் அப்படியொரு பெயரே இல்லை. எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணியின் திரையில் மட்டும் கூடம் தெரிகிறது. அண்ணன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

"ப்ராக்ஸி பழைய படத்தை வச்சிருக்கு அண்ணி. அழிச்சிடறேன்."

"பழசா? தேதியைப் பாருங்க தம்பி. இன்னைக்குப் பேப்பர்."

குனிந்து பார்த்தேன்; இன்றைய தேதிதான்.

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அண்ணி.

என் இடத்துக்குப் போய் ப்ராக்ஸியின் ஞாபகத்திலிருந்து அந்த ஒரு பெயரை மட்டும் அழித்தேன். தூரத்தில் தெரிந்த அண்ணியின் திரை வெளுத்தது. அவர் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ப்ராக்ஸிக்கு ஒரு விசாரணை வந்தது. அண்ணனின் பழைய விலாசத்திலிருந்து யாரோ அண்ணியின் கணினி எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

நான் தடுப்பதற்குள், ப்ராக்ஸி ஞாபகத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டது.