பாவாடை கட்டிய கபடி அணி

நகராட்சி மண்டபத்துப் பழைய போட்டோவில், மாநிலக் கோப்பை வென்ற கபடிப் பெண்கள் ஏழு பேரும் கணுக்கால்வரை பாவாடை கட்டியிருப்பார்கள். அரைக்கால்சட்டை போட்டுத்தான் ஆடினார்கள் என்பது ஊருக்கே தெரியும். சொல்லத்தான் வாய் வராது. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்க, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுச் சாயத்தால் பாவாடை வரையவைத்துவிட்டார்கள். பக்கத்தில் நிற்கும் கோச்சின் கால்சட்டையை மட்டும் தூரிகை தொடவில்லை. ஆம்பளைத் தொடை ஊரைக் கெடுக்காதாம்.

வெற்றியின் வெள்ளிவிழாவன்று மாலை போடுவதற்காகப் படத்தை மேடைக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அப்போதைய கேப்டன் செண்பகவடிவு விறுவிறுவென்று மேடையேறி, சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, படத்தில் தன் பாவாடையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

முன்வரிசையில் இருந்த கணவருக்கு வேர்த்துவிட்டது. வரையச் சொன்ன மாப்பிள்ளைகளில் அவரும் ஒருவர் ஆயிற்றே.

“ஏட்டி, புது சம்பந்தி வந்திருக்காவ. மானத்த வாங்காத!”

“பாக்கத்தான மாட்டியிருக்கு? பாக்கட்டும். நான் பாவாடையக் கட்டிக்கிட்டா கபடி பாடிப் போனேன்?”

சாயம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இறுதி ஆட்டத்தில் கோட்டைத் தொடப் பாய்ந்து கிழித்துக்கொண்ட முழங்கால், கட்டோடு வெளியே வந்தது.

“போதும்க்கா, ஒங்க கால்தான் வந்துட்டுல்லா?” என்று விழாச் செயலாளர் படத்தை எடுக்கக் கை நீட்டினார்.

அவள் நகரவில்லை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மீதி ஆறு பேரும் மேடையேறிக்கொண்டிருந்தார்கள், நழுவும் தலைப்பை ஒரு கையால் பிடித்தபடி. மறு கையில் ஊக்கு.