நின்றிருந்த குதிரைகள்

முழங்காலில் ஒரு மணித்தியாலம் இருந்த கிருஷ்ணராசா, கால் விறைத்துப்போனதை ஒப்புக்கொள்ள ரோசம் விடாமல் விசுக்கென்று எழும்பி, தான் பழகிய கொத்தோ என்ற நீளமான ஜப்பானியத் தந்தி வாத்தியத்தின் மேலேயே விழுந்தார். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற பதின்மூன்று சின்னக் கட்டைகளும் மோர்டன் மண்டபம் முழுக்கச் சிதறின. கூடப் படிக்கும் ஜப்பான் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய அவமானம்.

வீட்டில் மனைவி கமலேஸ்வரி விடவில்லை. "ஜப்பான்காரனே கிட்டார் அடிக்கிறான். உங்களுக்கேன் இந்த வேலை?"

அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள், போன வகுப்பு முடியக் கழற்றி வைத்த குதிரைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுருதி சேர்த்தார்கள். அவருடைய கொத்தோவில் எல்லாம் ஏற்கெனவே நின்றன. சுருதியும் சுத்தம். அதற்கடுத்த கிழமையும் அப்படியே. தனக்கு நல்ல காது என்று மிச்சம் நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். 'பாவம், இந்த மனுசனுக்கு ஏலாது' என்று யாரோ இரங்கிச் செய்வதாக நினைக்க, சோறு இறங்கவில்லை. கேட்டால் எல்லோரும் தலை குனிந்து, புன்னகைத்து, தேநீர் ஊற்றினார்கள்.

ஒரு சனி முதல் ஆளாக வந்து, மொரிதா டீச்சர் அலுமாரியைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கொத்தோவின் துணியுறை, உள்ளே குதிரை ஒன்றும் நிற்காததுபோல் தட்டையாகத்தான் இருந்தது. உறையைக் கழற்றினார். பதின்மூன்றும் நின்றன.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. என்னில இரக்கப்பட்டு நீங்கள்தானே செய்யிறியள்?"

இம்முறை டீச்சர் புன்னகைக்கவில்லை. குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

"இல்லை. முப்பது வருடமாக வாசிக்கிறேன். எனக்கு ஒருநாளும் அவை தானாக நின்றதில்லை."